ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே ஒரு விநாடி: காரில் ஐந்து வருடம் பாட்டுக் கேட்ட அனுபவம்

சித்தி மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான், “அண்ணா, உங்க வண்டிக்கு விலை இறக்கியிருக்காங்க, வாங்கலாமா?” என்று. மைலேஜ், டிக்கி அளவு, ஏர்பேக் எண்ணிக்கை எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நாலு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. 2020 கடைசியில் எடுத்த வண்டி, 72,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, இரண்டு பேட்டரி, ஒரு செட் டயர், ஒருமுறைகூட நடுவழியில் நிற்கவில்லை. சரி, அது போதும். நான் சொல்ல வேண்டியது பாட்டைப் பற்றி.

மாதம் ஒருமுறையாவது கோவையிலிருந்து கும்பகோணம் போவேன். பல்லடம், காங்கயம், கரூர், குளித்தலை, திருச்சி, தஞ்சாவூர் என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது பல தடவை அப்பா கூட வருவார். அப்பாவிடம் 112 கேசட் இருந்தது. எல்லாம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வானொலியில் வந்த கச்சேரிகளை டூ-இன்-ஒன்னில் அவரே பதிவு செய்தது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பக்கம் திருப்பும் நேரம் வரும்போது அப்பா பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், கைதட்டல் நேரத்தில் திருப்பிப் போட்டுவிட வேண்டும், ராகத்தை மட்டும் விரித்துப் பாடுகிற ஆலாபனையில் ஒரு பிடி கூடத் தப்பிவிடக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது, குக்கர் கூட வைக்கக் கூடாது.

அந்தக் கேசட்டுகளை நான் இரண்டு வருடம் எடுத்து எம்பி3 ஆக்கினேன். பழைய டெக்கில் ஓட்டி, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, ஆலாபனை தனி, கீர்த்தனை தனி, மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தனி என்று வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் கொடுத்து வைத்தேன். “அந்தத் தோடியைப் போடு” என்று ஒரு ராகத்தை அப்பா கேட்டால் உடனே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் வெட்டியது. 700 ஃபைல், 11 ஜிபி. இது எங்கேயும் காசு கொடுத்துக் கிடைக்கிற சங்கதி இல்லை, இணையத்தில் தேடினாலும் வராது. வண்டி எடுக்கும்போது என் மனதில் இருந்தது இது ஒன்றுதான். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அவருடைய கேசட்டை அவருக்கே போட்டுக் காட்ட வேண்டும்.

முதல் நாள் பென் டிரைவைச் செருகியதும் திரையில் வந்தது தலையில் கீறல் போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும், மாறி மாறி, வரி முழுக்க. தமிழை யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் எழுதி, அதை வெறும் ஆங்கில எழுத்துகள் என்று நினைத்துப் படிக்கிற கருவியில் போட்டால் அப்படித்தான் தெரியும் என்று பிறகு தேடிப் புரிந்துகொண்டேன். எம்பி3-யில் பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் ஐடி3 என்ற டேகில் இருக்கும். 2000-இல் வந்த 2.4 பதிப்பில்தான் அதில் யூடிஎஃப்-8 வந்தது. அதற்கு முந்தைய 2.3-இல் தமிழ் எழுத யூடிஎஃப்-16 என்ற வேறு முறை மட்டும். நான் எழுதி வைத்திருந்தது 2.4. 2020-இல் விற்ற வண்டி 2000-இல் வந்த பதிப்பைப் படிக்கவில்லை. எம்பி3டேக் மென்பொருளில் 700 ஃபைலையும் 2.3-க்கு மாற்றினேன். அதன் பிறகு ஆங்கில எழுத்துப் போய், கட்டம் கட்டமாக வந்தது. ஆக, படிக்கத் தெரிந்துவிட்டது, ஆனால் காட்டுவதற்குத் தமிழ் எழுத்துரு உள்ளே இல்லை. இந்தி எழுத்து அதே திரையில் அழகாக வருகிறது. கோவையில் ஷோரூம் வைத்து, தமிழில் விளம்பரப் பலகை வைத்து விற்கிற வண்டி இது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மூன்று வாரம் முன்னால் 70,000 சர்வீஸுக்கு விட்டபோது சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்து பென் டிரைவைச் செருகினால் தமிழ் தெரிகிறது! உண்மையாகவே கண் கலங்கியது. அப்புறம் கிட்டப் போய்ப் பார்த்தேன். கொம்பு இடம் மாறி நிற்கிறது. கம்ப்யூட்டரில் ‘கே’ என்று எழுதினால் சேமிக்கப்படுவது முதலில் ‘க’, பிறகு இரட்டைக் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது கருவியின் வேலை. அந்த வேலையை இது செய்யவில்லை, சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடுகிறது. அதனால் ‘கேதாரம்’ என்று நான் வைத்த பெயர் திரையில் ‘கதோரம்’ என்று வருகிறது, ‘பைரவி’ என்பது ‘பரைவி’ ஆகிவிட்டது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ‘பரைவி’யை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இது என்னடா ராகம்?” என்று கேட்டார். கட்டமே இருந்திருக்கலாம். கட்டத்தைப் பார்த்து யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

எழுத்தை விடுங்கள், வரிசை இருக்கிறதே, அதற்கு நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்குப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். ஃபோல்டர் வழியாகப் போனால், பென் டிரைவில் எந்த ஃபைல் முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடுகிறது, பெயரைப் பார்ப்பதே இல்லை. ஆல்பம் வழியாகப் போனால் ட்ராக் எண்ணைப் பார்க்காமல் பாட்டின் பெயரை அகர வரிசையில் அடுக்குகிறது, அதுவும் 10-ஐ 2-க்கு முன்னால் வைத்து. கச்சேரி தனி ஆவர்த்தனத்தில் தொடங்கி, கடைசியில் வர வேண்டிய மங்களம் பாடி, அப்புறம் முதலில் வர வேண்டிய வர்ணம் வந்தது. சர்வீஸ் சென்டரில் சொன்னேன். அங்கிருந்த அட்வைசர் தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பென் டிரைவ் பிரச்னையா இருக்கும் சார், நல்ல கம்பெனி புதுசு போட்டுப் பாருங்க” என்றார். 64 ஜிபி புதிதாக வாங்கினேன். அதைப் படிக்கவே இல்லை, ஏனென்றால் அது எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சேமிப்பு முறையில் வருகிறது, இதற்கு ஃபேட்32 என்ற பழைய முறைதான் வேண்டும். என் விண்டோஸ் 10-இல் வழக்கமான ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 வராது. அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் தேடி, ஃபார்மேட் செய்து, எல்லா ஃபைலுக்கும் முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஃபேட்சார்ட் என்ற சின்ன நிரலை ஓட்டி வரிசைப்படுத்திய பிறகுதான் வர்ணம் முதலில் வந்தது. இதே சிக்கலில் இருப்பவர்கள் நேராக ஃபேட்சார்ட்டுக்குப் போய்விடுங்கள், புதுப் பென் டிரைவ் வாங்க வேண்டாம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது அந்த இடைவெளி.

ஒரு ஃபைல் முடிந்து அடுத்த ஃபைல் தொடங்குவதற்குள் கிட்டத்தட்ட ஒரு விநாடி மௌனம். சினிமாப் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. கச்சேரிக்கு அப்படி இல்லை. பாடகர் ஆலாபனையை முடித்து வயலின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தம்புரா மேலேதான் எல்லாம் நிற்கிறது, அந்தத் தம்புரா சட்டென்று அறுந்து மறுபடி வருகிறது. தனி ஆவர்த்தனத்தில் இன்னும் மோசம். குளித்தலை தாண்டி காவிரிக் கரையோரமாக வந்துகொண்டிருந்தோம், அப்பா தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார், மிருதங்கம் கோர்வையை முடித்துப் பல்லவிக்கு வந்து விழுகிற இடம். அங்கேதான் நான் வெட்டியிருந்தேன். சத்தம் நின்றது. அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. பாட்டு திரும்ப வந்தபோது தாளம் தப்பிவிட்டது, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கம் திருப்பும்போது ஒரு பிடிகூட விடக் கூடாது என்று பட்டனில் விரல் வைத்துக் காத்திருந்த மனிதர் அவர். “ஏன்டா நின்னுது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதிலை அப்புறம் தேடினேன். எம்பி3 என்பது 1,152 சாம்பிள் (ஒலியை அளந்து எடுத்த புள்ளி) கொண்ட துண்டு துண்டாகத்தான் எழுதப்படும், ஒரு துண்டு சுமார் 26 மில்லிவிநாடி. பாட்டு அந்த அளவில் சரியாக முடியாது என்பதால் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். எவ்வளவு சேர்ந்தது என்பதை, ஒலியை எம்பி3 ஆக்குகிற லேம் மாதிரியான என்கோடர் மென்பொருள் ஃபைலின் தலையிலேயே எழுதி வைக்கிறது. அதைப் படித்து வெட்டிவிட்டால் ஒட்டுப் போட்டது தெரியாது. என் போனிலும் லேப்டாப்பிலும் அப்படித்தான் இடைவெளி இல்லாமல் பாடுகிறது. இந்த வண்டியோ அதைப் படிப்பதுமில்லை, முதல் ஃபைல் முடிந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்கவே தொடங்குகிறது. அடுத்த ஃபைலைக் கொஞ்சம் முன்கூட்டியே திறந்து வைத்தால் போதும். இத்தனை லட்சம் ரூபாய் வண்டியில் அதை ஏன் செய்யவில்லை?

சரி என்று வெட்டியதை எல்லாம் திரும்ப ஒட்டினேன். ஒரு கச்சேரி, ஒரு ஃபைல், ஒன்றரை மணி நேரம். இடைவெளி போயிற்று. ஆனால் கரூரில் டீ குடிக்க இறங்கி, வண்டியைப் பூட்டிவிட்டு கால் மணி நேரம் கழித்து வந்தால் விட்ட இடம் அதற்கு ஞாபகம் இருப்பதில்லை. ஐந்து நிமிடம் என்றால் இருக்கிறது, அதற்கு மேல் போனால் எல்லா ஃபைலையும் முதலிலிருந்து எண்ணிவிட்டு, முதல் ஃபோல்டரின் முதல் பாட்டைப் போடுகிறது. வருடக்கணக்காக என் ஒவ்வொரு காலையும் ஒரே வர்ணத்தில்தான் தொடங்குகிறது. மிக நல்ல வர்ணம் அது. இப்போது வீட்டில் யாராவது பாடினாலும் எழுந்து போய்விடுகிறேன்.

போனில் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம், நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். போனை வண்டித் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் விஎல்சி செயலி வைத்துப் போட்டால் தமிழ் சரியாக வருகிறது, கேதாரம் கேதாரமாகவே இருக்கிறது, விட்ட இடத்தில் தொடங்குகிறது. ஆனால் கேபிள் வேகத்தடையில் ஏறி இறங்கினால் விட்டுப்போகிறது, ஆலாபனை நடுவே பேங்க்காரர்கள் கூப்பிடுகிறார்கள். ப்ளூடூத்தில் என் காதுக்குத் தம்புரா கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, வண்டியில் ஒரு யுஎஸ்பி துளையை வைத்து அதன் பக்கத்தில் இசைக்குறியையும் போட்டுவிட்டு, அது உருப்படியாக வேலை செய்யாததற்கு நான் ஏன் இன்னொரு கருவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் பிரமாதம். கம்பெனியில் வந்த அதே ஸ்பீக்கர்தான், நான் எதையும் மாற்றவில்லை. பழைய கேசட்டின் ‘ஸ்ஸ்’ சத்தம் எல்லாப் பதிவிலும் இருக்கும், எத்தனை வடிகட்டினாலும் குரலோடு சேர்ந்து போய்விடும் என்று அதை நான் அப்படியே விட்டிருந்தேன். இந்த வண்டியில் ட்ரெபிளை மூன்று படி குறைத்தால் அந்தச் சத்தம் ஏசி காற்றோடு கரைந்துவிடுகிறது, குரல் மட்டும் முன்னால் வந்து உட்காருகிறது. கடத்தின் அடி வயிற்றிலிருந்து வரும் ஓசையை வீட்டில் நான் கேட்டதே இல்லை, இங்கேதான் முதலில் கேட்டேன். சத்தத்தைக் கூட்டக் குறைக்க திருகு வைத்திருக்கிறார்கள், திரையைத் தடவ வேண்டியதில்லை. அப்பா அதைத் தானே திருகிக்கொள்கிறார். போன மழைக்காலத்தில் வல்லம் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஒட்டிய ஃபைலில் அந்தத் தோடியை முழுக்கக் கேட்டோம். முடிகிற வரைக்கும் அப்பா கை நிற்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக இந்த வண்டியை மறுபடி வாங்குவேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் நீ இன்றைக்குக் கேட்கிறாய் தம்பி, இன்றைக்கு என் பதில் வேண்டாம். ‘பரைவி’யைப் பார்த்து மூன்று வாரம்தான் ஆகிறது. எங்கே எழுதிப் போட்டாலும் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று ஒரே வரிதான் திரும்பி வருகிறது.

வேறு எந்த வண்டி பார்த்தாலும் டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது பையில் ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள். கொம்பு வருகிற மாதிரி பெயர் வைத்த ஒரு ஃபைல், நடுவில் வெட்டிய ஆலாபனையின் இரண்டு துண்டு, ஒன்றரை மணி நேரக் கச்சேரி ஒன்று. போட்டுப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்துப் பூட்டி, அவர்கள் கொடுக்கும் காபியை மெதுவாகக் குடித்து, அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் போய்த் திற. விற்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதே. ஃபைல் நாலும் இன்று ராத்திரி அனுப்புகிறேன், அப்பாவின் தோடியைத்தான் வெட்டி வைத்திருக்கிறேன்.