செகண்ட் ஷூட்டரை வாய்ப்பேச்சில் அழைத்துப் போகாதீர்கள்

மதுரைப் பக்கம் பதினோரு வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். போன ஆவணியில் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக என்னோடு செகண்ட் ஷூட்டராக, அதாவது இரண்டாவது கேமராக்காரராக, வரும் தம்பிக்கு அந்த வாரம் டைஃபாய்டு. வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் கேட்டேன், ஒரு பையன் கிடைத்தான். இன்ஸ்டாவில் அவன் படங்கள் நன்றாகவே இருந்தன. முதல் நாள் நலங்கு, ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்று போனிலேயே பேசினோம். கேமராவும் மெமரி கார்டும் அவனுடையது. 3,000 அட்வான்ஸ் ஜிபேயில் போட்டேன். எழுத்தில் ஒரு வரி கிடையாது.

வேலையில் அவனைக் குறை சொல்ல மாட்டேன். தாலி கட்டும்போது நான் முன்னால் மண்டியிட்டிருந்தேன், அவனை மணமக்களுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார் இல்லையா, அந்தக் கை முன்னாலிருந்து தெரியவே தெரியாது. பின்னால் நிற்பவன் எடுத்தால்தான் உண்டு. பக்கத்தில் நின்று கண் கலங்கிய பெண்ணின் அப்பா முகமும் அவன் கேமராவில்தான் இருந்தது.

பந்தி முடிந்ததும், "வீட்டுல போய் காப்பி பண்ணி டிரைவ்ல ஏத்திடுறேண்ணே" என்றான். மீதி 6,000 ரூபாயையும் அங்கேயே கொடுத்து அனுப்பினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நான்காம் நாள், "டேட்டாவுக்குத் தனியா 25,000 ஆகும்ணே" என்று மெசேஜ். அதற்குள் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "தம்பி, நீங்க இன்னும் ஒரு படம்கூட அனுப்பல, வேற யாரோ எம் பொண்ணு கல்யாணத்தை ரீல்ஸ் போட்டிருக்காங்களே?" அந்தப் படங்களில் அந்தப் பையனின் வாட்டர்மார்க். அந்த வீட்டில் அடுத்து வந்த வளைகாப்பு ஆர்டரையும் அவனே பேசி வாங்கிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

வக்கீல் நண்பரிடம் போனேன். அன்றைக்குக் கூலி கொடுத்தால் ஆள் நம் ஆள், படம் நம் படம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர், அதாவது படைத்தவர். சம்பள ஆளாக வேலையில் இருப்பவர் அந்த வேலைக்காக எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை முதலாளிக்கு. ஒரு கல்யாணத்துக்கு மட்டும் காண்ட்ராக்டில் வருபவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு முதல் உரிமை என்று 17-ஆம் பிரிவு சொல்கிறதுதான். ஆனால் எடுக்கச் சொன்னது நானா, பெண் வீட்டாரா என்று அங்கேயே வழக்கு இழுக்கும் என்றார். உரிமையை எழுதி வாங்குவதென்றால் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. அப்படியே கேஸ் ஜெயித்தாலும் ஆல்பம் கொடுக்க வேண்டிய தேதிக்குள் கார்டு கைக்கு வருமா? வராது.

கடைசியில் 12,000 கொடுத்தேன். வந்தவை வெறும் ஜேபெக், கேமரா சுருக்காமல் பதியும் ரா ஃபைல் ஒன்றுகூட இல்லை. நலங்குப் படங்கள் அறவே இல்லை, கார்டு கரப்ட் ஆகிவிட்டதாம்.

இப்போது யார் வந்தாலும் என் கார்டைத்தான் கொடுக்கிறேன், ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருக்கும். மண்டபத்திலேயே திருப்பி வாங்கி, லேப்டாப்பில் இறக்கி, ஃபைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிப் பணம். சொந்தக் கார்டில்தான் எடுப்பேன் என்பவரை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம் என்றுவிடுகிறேன். அட்வான்ஸுக்கு முன்பே ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: படங்களின் உரிமை முழுவதும் எனக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்பதையும் சேர்த்து. காலத்தை எழுதாமல் விட்டால் ஐந்து வருடம், இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் தன் இன்ஸ்டா பக்கத்தில் எந்தப் படத்தைப் போடலாம், எப்போது போடலாம், என் வாடிக்கையாளரிடம் தனியாக ஆர்டர் பேசக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கும்.

அந்த ஆல்பத்தின் நலங்குப் பக்கங்களுக்கு, சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததை வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். பெண்ணின் அப்பத்தா சந்தனம் பூசும் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் பாதி முகம் மறைந்து.