பாலியா, லட்சத்தீவா? சேலத்திலிருந்து ஒரு கணக்கு

நமக்குப் பக்கம் லட்சத்தீவுதான். ரயிலேறிக் கொச்சி, அங்கிருந்து அகத்தித் தீவுக்குச் சின்ன விமானம். இல்லையென்றால் 14 முதல் 18 மணி நேரக் கப்பல். ஆனால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இருக்கைகள் குறைவு, தங்குமிடம் அதைவிடக் குறைவு. செலவு எகிறிவிடும்.

பாலி தூரம்தான். ஆனாலும் நிறைய விமானங்கள், தெருவுக்குத் தெரு விடுதி, பேரத்துக்கும் இடமுண்டு. அந்த மலிவுக்கான விலையைத் தீவு கொடுக்கிறது. 2024இல் மட்டும் சுமார் 63 லட்சம் வெளிநாட்டினர்! நெல் வயல்கள் வில்லாக்களாகின்றன, தெற்குப் பகுதிச் சாலைகளில் வண்டி நகராது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் வெளிநாட்டினருக்கு ஆளுக்கு 1,50,000 இந்தோனேசிய ரூபியா வரி போட்டார்கள். விமான டிக்கெட்டோடு பார்த்தால் அது சில்லறை. அதற்காக யார் பயணத்தைக் கைவிடப் போகிறார்கள்?

ஏற்காட்டுக்காரர்களுக்கு இது பழகிய கதை. 20 கொண்டை ஊசி வளைவு, சொற்பப் பஸ் கட்டணம். ஞாயிறு மதியம் ஏரிக்கரையில் கால் வைக்க இடமிருக்காது.

என் ஓட்டு லட்சத்தீவுக்கே. மொத்த நிலமே 32 சதுர கிலோமீட்டர், கொஞ்சம் பேரைத்தான் தாங்கும். பணம் சேராத வருஷம் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைதான், அதுவும் புதன்கிழமையாகப் பார்த்து.