முதிர்ந்த அஞ்சலக ஆர்.டி.: நீட்டிப்பதா, முடித்துப் புதிதாகத் தொடங்குவதா?

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடைகளிலும், செல்லூர்த் தறிக்கூடங்களிலும், மேலூர், உசிலம்பட்டிச் சந்தைகளிலும் மாதந்தோறும் முகவர்கள் வந்து வசூலித்துச் செல்லும் அஞ்சலக ஆர்.டி. எனும் தொடர் வைப்பு, 60 தவணைகள் முடிந்து ஐந்தாண்டில் முதிர்கிறது. முதிர்ந்ததும், அதே கணக்கை மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்துத் தவணையைத் தொடரலாம். அல்லது பணத்தை எடுத்து நிலை வைப்பில் போட்டுவிட்டு, மாதத் தவணைக்கு வேறொரு ஆர்.டி. தொடங்கலாம். எது மேல் என்று முடிவு செய்யும்போது பலர் அன்றைய வட்டி விகிதத்தை விசாரித்துக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அதைவிட முக்கியமானது, பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் உள்ள, கணக்கு தொடங்கிய தேதி.

காரணம், நீட்டிக்கப்பட்ட ஆர்.டி.க்கு, அது முதன்முதலில் தொடங்கப்பட்டபோது இருந்த வட்டியே அடுத்த ஐந்தாண்டுக்கும் பொருந்தும் என்பது விதி. சேர்ந்திருக்கும் தொகைக்கும் புதிதாகக் கட்டும் தவணைகளுக்கும் அதே விகிதம்தான். அஞ்சலக ஆர்.டி.க்கு 2019 ஜூலை முதல் 2020 மார்ச் வரை 7.2 சதவீத வட்டி இருந்தது. 2020 ஏப்ரலில் அது ஒரேயடியாக 5.8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 2023 மார்ச் வரை அப்படியே நீடித்தது. பின்னர் படிப்படியாக உயர்ந்து 2023 அக்டோபரில் 6.7 சதவீதத்தை எட்டி, 2025 முழுவதும் அங்கேயே நின்றது. ஆகவே, ஒரே தெருவில் அடுத்தடுத்த கடைக்காரர்கள் இருவர், ஒருவர் 2020 ஜனவரியிலும் மற்றவர் அதே ஆண்டு ஜூனிலும் கணக்கு தொடங்கியிருந்தால், 2025இல் இருவருக்கும் சரியான முடிவு ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் ஜூன் மாதக்காரரின் கணக்கைப் பார்க்கலாம். மாதம் 2,000 ரூபாய் வீதம் கட்டியவருக்கு 5.8 சதவீதத்தில் ஏறத்தாழ 1,39,390 ரூபாய் சேர்ந்திருக்கும். அவர் கணக்கை நீட்டித்துத் தவணையையும் தொடர்ந்தால், மேலும் ஐந்தாண்டு கழித்துச் சுமார் 3,25,300 ரூபாய் கிடைக்கும். அதற்கு மாறாக, முதிர்வுத் தொகையை 7.5 சதவீதம் தரும் ஐந்தாண்டு அஞ்சலக வைப்பில் இட்டு, 6.7 சதவீதத்தில் புதிய ஆர்.டி. தொடங்கினால், ஆண்டுதோறும் கைக்கு வரும் வட்டியையும் சேர்த்துச் சுமார் 3,35,800 ரூபாய் ஆகும். வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல். முகவரிடம் ஒரு கையெழுத்தைப் போட்டு “அப்படியே ஓடட்டும்” என்று விடுவதற்கு இது கொஞ்சம் அதிக விலை.

ஜனவரி மாதக்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதே 2,000 ரூபாய்த் தவணைக்கு 7.2 சதவீதத்தில் அவருக்கு ஏறத்தாழ 1,44,600 ரூபாய் முதிர்ந்திருக்கும். நீட்டித்தால் ஐந்தாண்டு முடிவில் 3,51,200 ரூபாயை ஒட்டி வரும். எடுத்து வைப்பிலும் புதிய ஆர்.டி.யிலும் பிரித்துப் போட்டால் 3,43,100 ரூபாய்தான்; ஆண்டு வட்டியைச் செலவழிக்காமல் 4 சதவீதச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வைத்தாலும் அது 3,48,000ஐத் தொடாது. பழைய விகிதத்தை வைத்திருப்பவர் அதை விட்டுக்கொடுப்பதற்கு அவசரத் தேவை ஏதேனும் இருந்தாலொழிய நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்றுண்டு. அஞ்சலக நிலை வைப்பை நீட்டிக்கும்போது முதிர்வு நாளில் நடப்பில் உள்ள வட்டி பொருந்துமே தவிர, தொடக்க வட்டி பொருந்தாது; அதற்கு விண்ணப்பிக்கக் காலவரையறையும் உண்டு. ஓராண்டு வைப்புக்கு முதிர்ந்த ஆறு மாதத்துக்குள்ளும், ஈராண்டு வைப்புக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள்ளும், மூன்றாண்டு, ஐந்தாண்டு வைப்புகளுக்குப் பதினெட்டு மாதத்துக்குள்ளும் விண்ணப்பம் தர வேண்டும். ஆர்.டி.க்கான விதியை வைப்புக்கும், வைப்புக்கான விதியை ஆர்.டி.க்கும் மாற்றிச் சொல்பவர்கள் கவுன்டருக்கு வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வட்டி குறைவாக இருந்தாலும் நீட்டிப்புக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீட்டித்த கணக்கை எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். முழுமையாக நிறைந்த ஆண்டுகளுக்கு ஆர்.டி. வட்டியும், எஞ்சிய மாதங்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியும் கிடைக்கும். புதிய ஆர்.டி.யையோ மூன்றாண்டு ஆகாமல் முடிக்க இயலாது; மூன்றாண்டுக்குப் பின் இடையில் முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஓராண்டு தவறாமல் கட்டியபின் இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம், அவ்வளவே. வருகிற தையிலோ வைகாசியிலோ வீட்டில் திருமணம் வைத்திருப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அவருக்கும் 5.8 சதவீதக் கணக்கை நீட்டிப்பது ஒன்றே வழியில்லை. மொத்தத் தொகையை 6.9 சதவீதம் தரும் ஓராண்டு வைப்பிலும், மாதத் தவணையை ஓராண்டு, ஈராண்டு வங்கி ஆர்.டி.யிலும் வைத்துக்கொள்ளலாம்.

வங்கி ஆர்.டி.யின் பலமே இந்தக் காலத் தெரிவுதான். ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை வேண்டிய காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். மூத்த குடிமக்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அரை சதவீதம் கூடுதலாகத் தருகின்றன, அஞ்சலக ஆர்.டி.யில் அந்தச் சலுகை இல்லை. முதிர்ந்த தொகை பொதுவாகச் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்துவிடும். அங்கிருந்து நிலை வைப்புக்கு மாற்றுபவர்கள், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைக் கேட்காமலே ஒப்புக்கொள்வதைத் தவிர்ப்பது நல்லது. ரிசர்வ் வங்கி 2025இல் மட்டும், வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. வைப்பு வட்டிகளும் அதைத் தொடர்ந்து இறங்கின. தானாகப் புதுப்பிக்கப்படும் வைப்பு அன்றைய குறைந்த வட்டியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் ஏற்பாடே இல்லாமல் கேட்பாரற்றுக் கிடந்தால் நிலை இன்னும் மோசம்: 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி, சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்பின் ஒப்பந்த வட்டி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். வங்கி நொடித்துப்போனால் வைப்புக்குக் கிடைக்கும் காப்பீட்டின் வரம்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் என்பதையும் பெரிய தொகை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைகளின் மாதச் சீட்டை இவற்றோடு ஒப்பிடுவோர் உண்டு. நகை வாங்க முன்பணம் செலுத்தும் ஏற்பாடு அது. முடிவில் பணமாகத் திரும்பாது, வைப்புக் காப்பீடும் கிடையாது. நகை வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

முதிர்ந்த கணக்கை எதுவும் செய்யாமல் விட்டுவைப்பதற்கு அஞ்சலகத்திலும் இனி வசதி குறைவு. 2025 ஜூலையில் வந்த உத்தரவின்படி, முதிர்ந்து மூன்றாண்டு கடந்தும் மூடப்படாமலும் நீட்டிக்கப்படாமலும் இருக்கும் சிறுசேமிப்புக் கணக்குகள், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் தொடங்கும் நடவடிக்கையில் முடக்கப்படும். முடக்கத்தை நீக்கக் கணக்குதாரர் பாஸ்புத்தகத்தோடும் ஆதார், பான் அட்டைகளோடும் அஞ்சலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். முகவரிடமே ஆண்டுக்கணக்கில் பாஸ்புத்தகத்தை விட்டுவைத்திருப்பவர்கள், நீட்டிப்பு விண்ணப்பம் உண்மையில் கொடுக்கப்பட்டதா என்பதை அதில் உள்ள பதிவைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும். முகவர் தரும் அட்டையில் தவணை குறிக்கப்பட்டிருப்பது அதற்குச் சான்றாகாது.