ஆர்ட்டீமியா முட்டை டின் (50 கிராம்): மீன்குஞ்சு வளர்ப்போருக்கு

ஆர்ட்டீமியா, உப்பு நீரில் வாழும் இறால் போன்ற சிறு உயிரி; அதன் குஞ்சுகள் மீன்குஞ்சுகளுக்கு உணவு. அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியில் சேகரித்த முட்டைகள் இவை. உள்ளே கரு உலர்ந்து உறங்குகிறது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை, நீர் வெளியேறிய பிறகும் செல் சவ்வுகளையும் புரதங்களையும் சிதையாமல் காக்கிறது. 1972-இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 16 விண்கலத்தில் சோதனைக்காகக் கொண்டுசென்ற உயிரிகளுள் ஆர்ட்டீமியா முட்டைகளும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் துகள் நேரடியாகத் தாக்கியவை பெரிதும் பாதிக்கப்பட்டன.

பொரிக்க: 1 லிட்டர் நீர், 25 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, அதிகபட்சம் 2 கிராம் முட்டை. 28 டிகிரி வெப்பம், அடியிலிருந்து பலமான காற்று, முதல் சில மணி நேரம் நல்ல வெளிச்சம். 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் நீந்தும். இந்த டின்னில் பொரிப்பு நன்றாகவே இருக்கிறது.

காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மிதக்கும். அடியில் விளக்கு காட்டி, அங்கே சேரும் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி எடுங்கள். ஓடு கலந்தால் மீன்குஞ்சின் குடல் அடைபடும். பொரித்த எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மஞ்சள்கரு கரைந்தால் சத்தும் குறையும்.

குறை, மூடிதான். இறுக்கமே இல்லை. ஈரம் புகுந்தால் கரு பாதி விழித்து, சேமித்த ஆற்றலைச் செலவழித்துவிடும், பிறகு பொரிக்காது. வாங்கியதும் சிறு புட்டிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல் பையுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள்.