பழைய பிக்கப் வாங்குமுன் சீட்டுக்கு அடியில் பாருங்கள்: சில்வராடோ, எஃப்-150, டகோமா

அமெரிக்காவில் இருபது, இருபத்தைந்து வயதான பிக்கப் பார்க்கப் போகிறவர் முதலில் பானெட்டைத் திறப்பார். எண்ணெய்க் கசிவு, கியர் மாறும் சத்தம், டயர், ஓடிய மைல் என்று ஒரு சுற்று வருவார். ஓட்டுநர் சீட் கிழிந்திருந்தால் விலையில் நூறு டாலர் குறைக்கச் சொல்வார். அத்தோடு சீட் விஷயம் முடிந்துவிடும்.

சீட்டை வெறும் மெத்தையாகப் பார்க்கிற பழக்கம் இது. மோதலில் உடம்பைப் பிடித்து நிறுத்துவதில் நான்கு பாகங்களுக்குப் பங்கு உண்டு: சீட்டின் முதுகுச் சட்டம், அது நகரும் ரெயில், ரெயிலை போல்ட் போட்டு இறுக்கிய தரைத்தகடு, கேபினையே சுமக்கும் சேஸி. இதில் ஒன்று போனாலும் மற்ற மூன்றும் இருந்து பயனில்லை. செவர்லே சில்வராடோ (1999–2006), ஃபோர்டு எஃப்-150 (1997–2003), டொயோட்டா டகோமா (1995–2004) மூன்றும் பழைய வண்டிச் சந்தையில் திரும்பிய பக்கமெல்லாம் கிடைப்பவை. டகோமா மற்ற இரண்டையும் விட உருவில் சிறியது. ஆனாலும் வாங்குகிறவர் மனதில் மூன்றும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மூன்றும் ஓட்டுநரின் காலை வாருவது வெவ்வேறு இடத்தில்.

முதலில் அரசு விதி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் 207-ஆம் எண் பாதுகாப்பு விதி 1968-ல் கார்களுக்கும் 1972-ல் பிக்கப்புகளுக்கும் வந்தது. சீட் தன் சொந்த எடையைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். முதுகு பின்னோக்கி 373 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வரை தாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ சீட் என்றால் 400 கிலோ விசை. அதில் உட்கார்ந்திருக்கிற மனிதனின் எடை கணக்கிலேயே வரவில்லை. முதுகின் கணக்கு இன்னும் மோசம். இடுப்புக்கு மேலே 35 கிலோ, அதன் மையம் இடுப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், புவியீர்ப்பின் மூன்றரை மடங்கிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. பின்னாலிருந்து வேகமாக இடிக்கும் வண்டிக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! இந்த அளவு 1963-ல் வாகனப் பொறியாளர் சங்கம் எழுதிய பரிந்துரையிலிருந்து வந்தது. மாற்றச் சொல்லி 1989-லேயே மனுக்கள் போயின. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2004-ல் அந்த முயற்சியைக் கைவிட்டது. 2021-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நெருக்கிய பிறகு, 2024-ல்தான் கருத்துக் கேட்கவே ஆரம்பித்தார்கள். ஆக, நாம் பார்க்கப்போகிற மூன்று வண்டிகளும் அந்தப் பழைய அளவுக்குத்தான் கட்டுப்பட்டவை. பல கம்பெனிகள் அதைவிடப் பலமாகவே செய்தார்கள் என்பது உண்மை; எவ்வளவு பலம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதுவும் புதிய சீட்டின் பலம். இருபது வருடம் தேய்ந்த சீட்டைச் சோதிக்க எந்த விதியும் கிடையாது. டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையே எடுபட்டுவிட்டது. அங்கே உங்கள் சீட்டைப் பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை.

கேபின் எந்த வகை என்பதும் முக்கியம். ஒரே வரிசை சீட் உள்ள ரெகுலர் கேப்பில் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இரும்புச் சுவர். சீட் முதுகு உடைந்தாலும் முழுக்க மல்லாந்து விழ இடமில்லை. அதற்குப் பதிலாகத் தலை பின்கண்ணாடியில் மோதும். கார்களில் 1969-லேயே கட்டாயமான தலைத்தாங்கி பிக்கப்புகளுக்குக் கட்டாயமானது 1991 செப்டம்பரில்தான். பின்னால் குட்டிக் கதவும் மடக்கு சீட்டும் உள்ள எக்ஸ்டெண்டட் கேப்பில் விழுவதற்கு இடம் தாராளம். குழந்தையைப் பின்னால் உட்கார வைக்கிறவர்கள் முன்சீட் முதுகைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இனி வண்டிகள். சில்வராடோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சீட் சம்பந்தமாகப் பேச அதிகம் இருப்பது இதில்தான். இதன் எக்ஸ்டெண்டட் கேப்பில் முன்கதவும் பின்கதவும் எதிரெதிராகத் திறக்கும்; நடுவில் தூண் கிடையாது. தூண் இல்லாததால் தோள் பெல்ட்டைச் சீட்டின் முதுகிலேயே பொருத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட சீட் தன் எடையோடு மனிதனைப் பிடிக்கும் பெல்ட் விசையையும் சேர்த்துத் தாங்கியாக வேண்டும்: இடுப்புப் பட்டைக்கும் தோள் பட்டைக்கும் தலா 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. எனவே புதிதாக இருக்கும்போது மூன்றிலும் பலமான சீட் இதுதான் என்பேன். வயதானால் அதே பலம் பலவீனமாகிறது. சாதாரண வண்டியில் சீட் உடைந்தாலும் பெல்ட் தூணில் நிற்கும். இதில் சீட் போனால் பெல்ட்டும் கூடவே போகும்.

இந்தத் தலைமுறை சில்வராடோவின் பெயர்பெற்ற தொல்லை சீட் ஆட்டம். பிரேக் போட்டால் ஒரு 'டக்', கிளம்பினால் இன்னொரு 'டக்'. மோட்டாரில் நகரும் பவர் சீட்டின் ரெயிலில் உள்ள புஷ் என்கிற பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து, சீட் சில மில்லிமீட்டர் முன்பின்னாக நழுவுகிறது. கேட்டதும் பயந்து வண்டியை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை. புஷ் மாற்றினால் தீரும், செலவும் சொற்பம். பயப்பட வேண்டியது வேறு ஆட்டத்துக்கு. உட்கார்ந்ததும் சீட் கதவுப் பக்கம் சாய்ந்தால் அது புஷ் அல்ல, சீட்டின் இரும்புச் சட்டம். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் மொத்த எடையும் அந்த வெளியோரத்தில்தான் விழுகிறது. முதலில் பஞ்சு நைந்து, பிறகு கம்பி உடைந்து, கடைசியில் வெல்டிங் விடுகிறது. விற்கிறவர் புத்தம்புதுக் கவர் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

சோதனை கஷ்டமில்லை. வண்டியில் ஏறாமல், சீட் முதுகின் மேல்முனையைப் பிடித்து முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் இழுங்கள். சாயும் மூட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால், அந்தப் பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது. பிறகு சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் ரெயிலின் பின் போல்ட்டுகளைப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அங்கே உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழை போல வெடித்திருந்தால் அடியில் இரும்பும் வெடித்திருக்கலாம். கையால் தள்ளும் சீட் என்றால் இரண்டு பக்கப் பூட்டும் விழுகிறதா என்று பாருங்கள். ரெயிலில் விழுந்த ஒரு சில்லறைக் காசு போதும், ஒரு பக்கப் பூட்டு கவ்வாமல் நிற்க. அவசர பிரேக்கில் சீட் கோணலாகத் திரும்பும்போதுதான் அது தெரியவரும்.

சில்வராடோவின் மற்றக் கோளாறுகளில் ஒன்று சிறியது, ஒன்று பெரியது. சரக்கு ஏற்றும் பெட்டியின் பின்கதவைத் தாங்கும் கம்பிவடம் துருப்பிடித்து அறுந்ததால் 2004-ல் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜி.எம். சுமார் 40 லட்சம் பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தது. அது சிறியது. பெரியது பிரேக் குழாய்த் துரு. பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் எஃகுக் குழாய்கள் அரித்து வெடித்ததாகப் புகார்கள் குவிந்தும், 2015-ல் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையை மூடியது. திரும்ப அழைப்பு இல்லை. வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள் என்ற அறிவுரைதான் கிடைத்தது. எனக்கு அது திருப்தியான முடிவாகத் தெரியவில்லை. மிச்சிகன், ஒஹையோ பக்கத்து வண்டி என்றால் குழாய் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப்-150 கதை வேறு. இதில் பிரச்சினை சீட்டுக்கு முன்னால். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2001-ல் பெரிய பிக்கப்புகளை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பாதியில் மட்டும் இடிபடும்படி மோதவிட்டது. எஃப்-150-க்கும் டாட்ஜ் ராமுக்கும் கிடைத்தது 'மோசம்'. சில்வராடோ அதற்கு ஒரு படி மேலே. டொயோட்டா டண்ட்ராவுக்கு மட்டும் 'நன்று'. எஃப்-150-யின் கேபின் நசுங்கி, ஓட்டுநர் உட்காரும் இடமே சுருங்கிப்போனது. சீட் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? ஸ்டியரிங்கும் கால்மிதித் தளமும் ஓட்டுநரைத் தேடி வந்தால் உறுதியான சீட் அவரை அங்கேயே பிடித்துவைக்கும், அவ்வளவுதான். 2004-ல் ஃபோர்டு அடியோடு மாற்றி வடிவமைத்த எஃப்-150 அதே சோதனையில் 'நன்று' வாங்கியது. 2003-க்கும் 2004-க்கும் பெயர்ப்பலகை ஒன்று, வண்டி வேறு. சந்தை விலையில் அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற இடைவெளி இருப்பதாகத் தெரியவில்லை. 2004–2008 வண்டிகளின் 5.4 லிட்டர் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கழற்றும்போது உடைவது தனித் தலைவலி. ஆனால் அது பணத்தோடு போகும்.

இன்னொன்று தீ. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைக்கும் சுவிட்ச் ஒன்று, பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும். அதன் உள்ளே மெல்லிய படலம் ஒன்று பிரேக் திரவத்தையும் மின்சாரத்தையும் பிரித்துவைக்கிறது. படலம் விரிசல் விட்டால் திரவம் மின்முனைகளைத் தொட்டு, அரித்து, சூடேற்றுகிறது. சாவி அணைத்திருந்தாலும் அந்த சுவிட்ச்சில் மின்சாரம் இருக்கும். அதனால்தான் ராத்திரி கராஜில் நிறுத்திய வண்டிகள் தானாகப் பற்றி எரிந்தன. 2005 செப்டம்பரில் மட்டும் 38 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன; எல்லா மாடல்களும் சேர்ந்து 2009-க்குள் எண்ணிக்கை 1.4 கோடியைத் தொட்டது. போதாததற்கு, பெட்ரோல் தொட்டியைத் தாங்கும் எஃகுப் பட்டைகள் துருப்பிடித்து அறுவதாக 2011-ல் 1997–2004 எஃப்-150-களுக்கு இன்னொரு அழைப்பு.

டகோமாவில் சீட்டைவிடச் சீட்டுக்கு அடியில் இருப்பதுதான் கவலை. சேஸி உள்ளிருந்து அரிக்கிறது. 2008-ல் டொயோட்டா 1995–2000 வண்டிகளுக்கு 15 வருட உத்தரவாதம் நீட்டி, சேஸி ஓட்டையான வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஓட்டை வண்டிக்கு ஒன்றரை மடங்கு! வேறு எந்தக் கம்பெனியும் பழைய பிக்கப்புக்கு இப்படிச் செய்து நான் கேட்டதில்லை. அந்தக் காலக்கெடு முடிந்து வெகுநாளாகிறது, இன்று வாங்குகிறவருக்கு அதில் பைசா வராது. 2012-ல் குளிர் மாநிலங்களில் 2001–2004 டகோமாக்கள் சுமார் ஒன்றரை லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன, துருவால் ஸ்டெப்னி சக்கரம் கீழே விழும் என்பதால்.

டகோமா பார்க்கும்போது கையில் சின்னச் சுத்தியல் இருக்கட்டும். பின்சக்கரத்துக்கு முன்னால், இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) மாட்டிய இடத்தைச் சுற்றித் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது 'தொப்' என்று சொல்லும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். சேஸியை மாற்றிய ரசீது இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம்.

என் வரிசை இதுதான்: உப்புப் படாத தென்மாநிலத்து டகோமா முதலிடம், சீட்டும் பிரேக் குழாயும் தேறிய சில்வராடோ இரண்டாமிடம், 2003 வரையிலான எஃப்-150 கடைசி. துருபிடித்த டகோமா இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. இதற்கும் பழைய, 1973–87 ஜி.எம். பிக்கப்புகளை அழகுக்காக வாங்குகிறவர்கள் உண்டு. அவற்றில் பெட்ரோல் தொட்டி சேஸிக்கு வெளியே, பக்கவாட்டில் தொங்குகிறது. 1994-ல் போக்குவரத்து அமைச்சர் ஃபெடரிகோ பேன்யா அதைக் குறைபாடு என்றே அறிவித்தார். அந்த டிசம்பரில் ஜி.எம். பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, திரும்ப அழைக்காமல் தப்பித்தது. அதற்கு முந்தைய 1967–72 வண்டிகளில் தொட்டி இருந்த இடம் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால், கேபினுக்குள்ளேயே. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிறுத்தி வைத்து ரசிக்கலாம். தினசரி ஓட்ட நான் சொல்லமாட்டேன்.

சீட்டை மாற்றுவதென்றால் உடைந்த ரெயிலை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் மிக மலிவு, மிக மோசமும் அதுதான். சூட்டில் எஃகின் உறுதி குறைந்துவிடும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும். பழைய வண்டி உடைக்கும் யார்டில் அதே மாடல், அதே கேபின் வகைச் சீட்டை ரெயிலோடு எடுப்பது நல்லது. கேபின் வகையை மறந்துவிடாதீர்கள். தூண் இல்லாத சில்வராடோவில் பெல்ட் இல்லாத சீட்டைக் கொண்டுவந்து பொருத்தினால், பார்க்க அம்சமாக இருக்கும், தோள் பெல்ட் மாட்ட இடம் இருக்காது.

திரும்ப அழைப்புகளை வின் எண் (வண்டியின் அடையாள எண்) போட்டு அரசுத் தளத்தில் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் 15 வருடத்துக்கு மேல் பழைய அழைப்புகளை அந்தத் தேடல் பொதுவாகக் காட்டாது. 2005-ன் தீ சுவிட்ச் அழைப்பு அப்படித்தான் கண்ணில் படாமல் போகும். திரையில் 'பாக்கி எதுவும் இல்லை' என்று வரும், வண்டியில் பழைய சுவிட்ச்சே இருக்கும். எஃப்-150 என்றால் ஃபோர்டு டீலருக்கே போன் செய்து வின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வரும்வரை பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரில் அந்த சுவிட்ச் ஒயரோடு ஃபியூஸ் வைத்த இணைப்புத் துண்டு ஒன்று சேர்த்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்த வேண்டாம்.