பியூச்சர்ஸ் பழகப் போறவைக்கு: என்ர 485,000 ரூபா போன கதை

நேற்றுப் பின்னேரம் பரந்தன் சந்தியில ஒரு தேத்தண்ணிக் கடைச் சுவரில நோட்டீஸ் ஒண்டு கண்டன். "இன்டெக்ஸ் பியூச்சர்ஸ் அடிப்படைப் பயிற்சி. முன் அனுபவம் தேவையில்லை. சனிக்கிழமை காலை 9 மணி." அதே பச்சை அம்புக்குறி, அதே எழுத்து. போன் நம்பர் மட்டும் வேறை. எனக்குக் கை நடுங்கிச்சுது. அதுதான் இண்டைக்கே எழுதுறன். ஆறு நாளா ஒழுங்கான நித்திரை இல்லை, பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. இந்தத் தொழிலைப் பழகப் போறவை என்னென்ன பாக்கவேணும் எண்டு கடைசியில ஒண்டு விடாமல் எழுதுவன். முதல்ல நடந்ததைச் சொல்லுறன்.

பேர் போடேல்லை. மானநட்ட வழக்குப் போடுவம் எண்டு ஏற்கெனவே ஒருக்கா வெருட்டியாச்சு. வகையை மட்டும் சொல்லுறன்: டியூசன் கொட்டில் ஒண்டை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில நடத்துற ட்ரேடிங் வகுப்பு. அதோட சேர்ந்த ஒரு ஆப். பிளே ஸ்டோரில தேடினால் வராது, வாட்ஸ்அப்பில லிங்க் அனுப்பி இறக்கச் சொல்லுவினம். அப்பவே யோசிச்சிருக்க வேணும்.

நான் இரணைமடுத் தண்ணியில அஞ்சு ஏக்கர் செய்யிறவன். காலபோகம் வெட்டி, நெல்லை வித்து, கடன்காரருக்குக் குடுத்தது போக 300,000 ரூபா கையில நிண்டது. சிறுபோகத்துக்கு உரம், மருந்து, லாண்ட்மாஸ்டர் லீசிங் எல்லாம் அதுக்குள்ளதான். சும்மா கிடந்த காசு எண்டு அதில ஒரு சதமும் இல்லை.

வகுப்பு நல்ல வகுப்பு. அதைச் சொல்லத்தான் வேணும், அதிலதான் நான் விழுந்தனான். கட்டணம் 7,500. பன்னிரண்டு பேர் இருந்தம். படிப்பிச்சவனுக்கு 28 வயசு இருக்கும், என்னைவிடப் பத்து வயசு இளமை, எண்டாலும் எல்லாரும் சேர் எண்டுதான் கூப்பிட்டம். முதல் நாள் கரும்பலகையில ஒண்டும் எழுதேல்லை. என்னைப் பாத்துக் கேட்டான்: "அண்ணை, நெல்லுப் பூக்கேக்கையே மில்காரன் வந்து முற்காசு தந்து, வெட்டினாப் பிறகு இன்ன விலைக்குத் தா எண்டு பேசுறானோ இல்லையோ?"

"ஓம் சேர்."

"பியூச்சர்ஸ் எண்டுறது அதுதான். இதில அளவையும் தவணையையும் சந்தையே எழுதி வைச்சிருக்கும். வாங்கிறவனுக்கும் விக்கிறவனுக்கும் நடுவில சந்தையின்ர கிளியரிங் நிக்கும், ரெண்டு பக்கத்துக்கும் அதுதான் பொறுப்பு. மில்காரன் மாதிரி ஏமாத்தேலாது."

ஏமாத்தேலாதாம். நான் தலையாட்டினன்.

இன்டெக்ஸையும் அப்பிடித்தான் விளங்கப்படுத்தினான். ஒரு வயலின்ர விளைச்சல் இல்லை, 500 வயலின்ர கணக்கை ஒண்டாக்கின மாதிரி. எஸ் அண்ட் பி 500 எண்டால் அமெரிக்காவின்ர பெரிய கொம்பனிகள் 500. தவணை முடிய மூட்டை வந்து இறங்காது, விலை வித்தியாசம் மட்டும் காசாய்க் கைமாறும். இ-மினி எண்ட கொன்ட்ராக்டில ஒரு புள்ளிக்கு 50 டொலர். 2019 இல வந்த மைக்ரோவில 5 டொலர். ஆகச் சின்ன அசைவு கால் புள்ளி, மைக்ரோவில அது 1.25 டொலர். இன்டெக்ஸ் 6,000 இல நிண்டால் ஒரு மைக்ரோவின்ர முழுப் பெறுமதி 30,000 டொலர். டொலர் 300 ரூபாப்படி பாத்தால் 90 லட்சம். அவ்வளவும் கையில வேண்டாம், மார்ஜின் எண்டு ஒரு சின்னப் பங்கை வைச்சால் காணும்.

இதெல்லாம் உண்மை. பிறகு தேடிப் பாத்தனான், ஒரு கணக்கும் பிழையில்லை. கொப்பி இப்பவும் என்னட்டைக் கிடக்குது. "ஒரு வீதம் ஏறினால் 90,000 ரூபா" எண்டு எழுதி ரெண்டு தரம் அடிக்கோடு போட்டிருக்கிறன். இறங்கினால் எவ்வளவு எண்டு எழுதேல்லை. அஞ்சு வீதம் இறங்கினால் 450,000. 2025 ஏப்ரல் 3, 4 ரெண்டு நாளையில அந்த இன்டெக்ஸ் பத்து வீதத்துக்கு மேல விழுந்தது. அதைக்கூட அவன் வகுப்பில சொன்னவன்தான், ஆனால் எப்பிடிச் சொன்னான் தெரியுமோ? "அண்டைக்கு வித்து வைச்சிருந்தவன் இண்டைக்குக் கோடீஸ்வரன்." வாங்கி வைச்சிருந்தவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

ரெண்டாம் கிழமை நான் 50,000 கொண்டு போய் நீட்டினன். வாங்கேல்லை. "அவசரப்படாதேங்கோ அண்ணை, ஒரு மாசம் டெமோவில, பொய்க் காசில, பழகுங்கோ. காசு எங்கையும் ஓடாது." எந்தக் கள்ளன் நீட்டின காசைத் திருப்பித் தருவான், சொல்லுங்கோ பாப்பம்? வீட்டை வந்து மனிசிக்குப் பெருமையாச் சொன்னன்.

மூண்டாம் கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். ஏதோ அலுவலா விசுவமடுப் பக்கம் வந்தனான், எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான் எண்டான். பிளேன்டீ குடுத்தம். சீனியை உள்ளங்கையில வாங்கி நக்கிக் குடிச்சான், எங்கட ஆக்கள் குடிக்கிற மாதிரியே. சுவரில ஐயாவின்ர படத்தைக் கண்டிட்டு எழும்பி நிண்டான். "எப்ப அண்ணை?" எண்டு கேட்டான். 2009 மாசி எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "நாங்களும் மாத்தளனால வந்த ஆக்கள்தான் அண்ணை" எண்டான்.

அதுக்குப் பிறகு நான் அவனிட்டை ஒரு கேள்வியும் கேக்கேல்லை. எந்தக் கொம்பனி, எங்க பதிவு, ஆரின்ர லைசன்ஸ், ஒண்டுமே கேக்கேல்லை. அவன் உண்மையில மாத்தளனால வந்தவனோ இல்லையோ எனக்குத் தெரியாது. வந்தவன் எண்டால் இன்னும் கேவலம்.

டெமோ முடிஞ்சு முதல்ல 50,000 போட்டன். ஆறு நாளில ஆப்பில 64,000 காட்டிச்சுது. சோதிச்சுப் பாப்பம் எண்டு 12,000 எடுத்தன், ரெண்டு மணித்தியாலத்தில பாங்கில விழுந்திட்டுது. பிறகு மிச்ச 250,000. பிறகு மனிசியின்ர சங்கிலியை அடைவு வைச்ச 185,000. "உது என்ர அம்மா தந்தது, ஆடிக்குள்ள மீட்டுத் தந்திடோணும்" எண்டுதான் கழட்டித் தந்தவ. மொத்தம் 485,000 ரூபா. மூண்டு தரமும் மூண்டு வேற வேற ஆக்களின்ர சொந்தக் கணக்குக்குத்தான் போட்டனான், கொம்பனிப் பேரில ஒண்டும் இல்லை. கேட்டதுக்கு "டொலராய் மாத்திற ஏஜன்ட்மார்" எண்டாங்கள். வந்த 12,000 ஐக் கழி எண்டு மச்சான் கணக்குச் சொல்லுறார். நான் கழிக்க மாட்டன். அது தூண்டிலில குத்தின புழு.

போன கிழமை எங்கட வாய்க்காலுக்கு இரவு முறை. ரெண்டரைக்கு மடையைத் திறந்துபோட்டு வரம்பில குந்தினன். ஆப்பில மூண்டு மைக்ரோ வாங்கி வைச்சிருந்தனான், அவன் சொல்லித்தான். கையெல்லாம் சேறு. சாரத்தில துடைச்சுப்போட்டுப் போனைத் திறந்தன். சிவப்பு. விலை படியிறங்கிற மாதிரி இறங்குது. மூண்டு மைக்ரோ எண்டால் ஒரு புள்ளிக்கு 15 டொலர், 116 புள்ளி விழ என்ர காசு முழுக்க முடிஞ்சுது. விக்கிற பட்டனை அமத்துறன், சக்கரம் சுத்துது, அமத்துறன், சுத்துது. கண்ணாடியில என்ர பெருவிரல் சேறு அப்பிடியே அப்பிக் கிடக்குது. 2.52 க்கு "மார்ஜின் போதாமையால் மூடப்பட்டது" எண்டு வந்தது. மிச்சம் 3.17 டொலர். தண்ணி வரம்பு மேவிப் பக்கத்துக் காணிக்குப் போனதுகூட எனக்குத் தெரியேல்லை.

விடிய எட்டு மணிக்குப் போன் எடுத்தன். "சேர் மீட்டிங்கில நிக்கிறார்" எண்டு ஒரு பிள்ளை சொல்லிச்சுது. பத்துக்கு மீட்டிங். மத்தியானம் மீட்டிங். பின்னேரம் அவனே ஒரு வொய்ஸ் அனுப்பினான், பின்னால கிரிக்கெட் கொமன்ட்ரி கேக்குது: "அண்ணை, லொஸ் எண்டுறது இந்தத் தொழிலில படிப்புச் செலவு. இன்னொரு 200,000 போட்டால் ரிக்கவரி பண்ணித் தரலாம்." படிப்புச் செலவாம்! அடுத்த நாள் கொட்டிலுக்குப் போனன். பூட்டு. டியூசன் நடத்திற ஐயாவுக்கு ஒண்டும் தெரியாது, பாவம், அவருக்கே ரெண்டு மாச வாடகை வரேல்லை. ஆப்பின்ர உதவிப் பகுதியில எழுதினன். "அன்பான பயனர், உங்கள் கவலையை நாங்கள் மதிக்கிறோம்" எண்டு ஒரே வசனம் நாலு தரம் வந்தது. திரும்ப அந்தப் பிள்ளைக்கு எடுத்தன். "அண்ணா, நீங்க ரிஸ்க் பேப்பரில சைன் வைச்சிருக்கிறீங்கள்தானே." வைச்சனான்தான். மூண்டு பக்கம், முழுக்க இங்கிலீசு.

அதுவரைக்கும் நான் நினைச்சது என்ர தலைவிதி, சந்தை விழுந்திட்டுது எண்டுதான். மருமகன் வவுனியா கம்பஸில படிக்கிறவன், அவன் வந்து கேட்டான்: "மாமா, எத்தினை மணிக்கு மூடினது?"

"2.52. விடியப்புறம்."

அவன் போனில தட்டித் தட்டி ஏதோ பாத்தான். முகம் மாறிப் போச்சுது. சிக்காகோச் சந்தையில இந்தக் கொன்ட்ராக்டுகள் நாளுக்கு 23 மணித்தியாலம் ஓடும். அங்கத்தைப் பின்னேரம் 4 இலிருந்து 5 மட்டும் பூட்டு. இப்ப அங்க கோடைகால நேரம், எங்கட கணக்குக்கு அது விடியப்புறம் 2.30 இலிருந்து 3.30. "மாமா, நீங்கள் காசை விட்ட நேரம் உலகத்தில ஒருத்தரும் இதை வாங்கவும் இல்லை, விக்கவும் இல்லை."

விளங்குதோ? சந்தை விழேல்லை. சந்தை பூட்டிக் கிடந்தது. அவங்கள் தாங்களே கீறின கோட்டை நான் வரம்பில குந்தியிருந்து பாத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறன்.

பிறகு ஒவ்வொண்டாய்க் காட்டினான். உண்மையான கொன்ட்ராக்டுக்குத் தவணை மாதம் இருக்கும்: மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர், மூண்டாம் வெள்ளியோட முடியும். என்ர ஆப்பில மாதமே இல்லை. உண்மையான புரோக்கர் என்ர காசுக்கு மூண்டு மைக்ரோவை இரவு முழுக்க வைச்சிருக்க விடான். இந்தியாவில சட்டப்படி நடக்கிற சந்தையிலேயே, 2021-22 தொடக்கம் 2023-24 வரைக்கும் பியூச்சர்ஸ், ஒப்சன்ஸ் செய்த தனியாக்களில 93 வீதம் பேருக்கு நட்டம் எண்டு அங்கத்தை ஒழுங்குபடுத்துற செபி 2024 இல கணக்கு வெளியிட்டிருக்குதாம். உண்மையானதிலயே அந்த நிலைமை. நான் செய்தது உண்மையானதுகூட இல்லை.

மணிக்கணக்கைப் படமெடுத்துச் சேருக்கு அனுப்பினன். நீலக்கோடு விழுந்தது. பதில்: "எங்கட சேர்வர் வேற. பேசிக்ஸ் விளங்காமல் கதைக்காதேங்கோ." அடுத்தது வழக்கு வெருட்டல். அடுத்தது பிளொக். பேசிக்ஸ் படிப்பிச்சது ஆரடா?

485,000 ரூபா. அரசாங்கம் 2025 இல 'நாடு' இன நெல்லுக்குச் சொன்ன விலை கிலோ 120. அப்பிடிப் பாத்தால் 4,041 கிலோ. நான் சுமந்த மூட்டை, எனக்குத் தெரியும் அது எவ்வளவு எண்டு. மனிசி ஒண்டும் பேசேல்லை. வெறுங்கழுத்தோட திரியிறா, அதுதான் தாங்கேலாமல் கிடக்குது. பொலிசில முறைப்பாடு குடுத்திட்டன், மூண்டு பாங்க் துண்டும் ஸ்க்ரீன்சொட்டும் குடுத்திருக்கிறன். வகுப்பில இருந்த மற்றப் பதினொரு பேரில நாலு பேர் எனக்குப் போன் எடுத்தவை. ரெண்டு பேர் வெக்கத்தில வெளியில சொல்ல மாட்டினமாம்.

எழுதுறன் எண்ட புத்திமதி. சரி. தனியாளின்ர கணக்குக்குக் காசு போடாதேங்கோ. லிங்க்கில வாற ஆப்பை இறக்காதேங்கோ. ஆப்பில தவணை மாதம் இருக்குதோ பாருங்கோ, அமெரிக்காவில கோடைகால நேரம் நடக்கேக்கை விடியப்புறம் மூண்டு மணிக்கு விலை ஓடுதோ பாருங்கோ, ஓடினால் பொய். முதல்ல எடுத்த காசு வந்ததை நம்பாதேங்கோ. இலங்கையில பங்குத் தரகருக்கு லைசன்ஸ் குடுக்கிறது பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு, பேர்ப் பட்டியல் அவையின்ர இணையத்தளத்தில கிடக்குது. கிளிநொச்சியிலேயே மத்திய வங்கியின்ர பிராந்திய அலுவலகம் இருக்குது, நான் அதைத் தாண்டித்தான் கிழமைக்குக் கிழமை வகுப்புக்குப் போனனான், ஒருநாள் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிக் கேக்கேல்லை. இன்னும் நிறைய எழுத நினைச்சனான். ஏலாமல் கிடக்குது.

அந்த நோட்டீசைக் கிழிச்சுப்போட்டன். கடைக்கார அண்ணை ஏன் எண்டு கேட்டார், சொன்னன். தன்ர மகன் சனிக்கிழமைக்கு 7,500 கட்டிப் பதிஞ்சிட்டான் எண்டார். நம்பர் வாங்கி நாலு தரம் எடுத்தன், பெடியன் எடுக்கிறானில்லை. பரந்தன், குமரபுரம் பக்கம் ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால் சனிக்கிழமைக்கு முன்னம் அவனுக்குச் சொல்லிவிடுங்கோ.