"வீட்டுக்கே ஒரு கிட் போதும்" என்று விற்கும் நகப் பூஞ்சை கிட்டை நம்பாதீர்கள்

ஏழே நாளில் நகப் பூஞ்சை போய்விடும் என்று ஆன்லைனில் ஓயாமல் விளம்பரம் வரும் கிட் ஒன்றை அம்மாவுக்காக வாங்கினோம். குணமாகவில்லை, அதுகூடப் பரவாயில்லை. அதில் போட்டிருந்தபடியே செய்ததில் ஒரு பெருவிரலோடு இருந்த தொற்று பக்கத்து விரல்களுக்கும், அப்புறம் என் காலுக்கும் வந்துவிட்டது.

பெட்டிக்குள் ஒரு அரம், மூடியிலேயே பிரஷ் வைத்த எண்ணெய் பாட்டில், செய்முறைத் தாள். "எல்லா நகங்களையும் தேய்த்துவிட்டுப் பூசவும். வருமுன் காக்க வீட்டில் மற்றவர்களும் பூசலாம்" என்றது தாள். மஞ்சளாகத் தடித்த நகத்தைத் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். பூஞ்சை இருப்பதே அந்தத் தூளில்தான். அதே அரம் அடுத்த நகத்துக்கு, அடுத்தவர் காலுக்கு! நகத்தில் பட்ட பிரஷ் மறுபடி பாட்டிலுக்குள். இத்தனைக்கும் அமோரோல்ஃபின் என்ற நகப்பூச்சு மருந்தோடு வரும் குறிப்பில், தொற்றுள்ள நகத்தைத் தேய்த்த அரத்தை நல்ல நகத்தில் பயன்படுத்தக் கூடாது என்றே இருக்கிறது.

கஸ்டமர் கேரில் கேட்டால், "மருந்து கிருமியை வெளியே தள்ளுது மேடம், இன்னொரு பாட்டில் போட்டுப் பாருங்க" என்கிறார்கள். என்ன துணிச்சல்! நான் போட்ட ரிவ்யூவும் காணாமல் போய்விட்டது.

ஏழு நாள் என்றதும் தோல் டாக்டருக்குச் சிரிப்பு. கால் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் வளரும்; பெருவிரல் நகம் முழுசாகப் புதிதாக வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். சோரியாசிஸிலும் நகம் இப்படித் தடிக்கும் என்பதால் முதலில் துண்டு வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார். விரலிடுக்கில் தோல் உரிந்ததும் அதே பூஞ்சைதானாம். அதற்கும் களிம்பு போடாவிட்டால் நகத்துக்குத் திரும்ப வருமாம்.

இப்போது அம்மாவுக்குத் தனி நகவெட்டி, தனித் துண்டு. நல்ல நகங்களை வெட்டிய பிறகே கெட்ட நகம். காகிதத்தில் விழுந்ததை மடித்து அப்படியே குப்பையில். அட்டை அரம் ஒரு தடவையோடு சரி. சாக்ஸைத் துவைப்பது 60 டிகிரி வெந்நீரில். டாக்டர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது: உள்ளாடைக்கு முன்னால் சாக்ஸை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் துணி பாதத்தில் உரசிக்கொண்டே மேலே போய்த் தொடையிடுக்கில் படர்தாமரையாகிவிடும்.

அதே கிட் வேறு பெயரில், வேறு நிற டப்பாவில் மறுபடி வந்திருக்கிறது. படத்தில் ஒரே அரமும் சிரிக்கும் நாலு பேர் குடும்பமும் இருந்தால் அதேதான்.